பந்தி வஞ்சனை: ஒரு முதல்நிலை ஆய்வு

ஒரே பந்தியில், ஒரே நேரத்தில், ஒரே அடுப்பில் இறக்கிய சமையலைச் சாப்பிட உட்கார்ந்தவர்களுக்குள் ஆளுக்கு ஒரு விதமாகப் பரிமாறுவது பந்தி வஞ்சனை எனப்படும். பழைய தமிழ் அகராதிகளில் இது தனிச் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது. பாரபட்சத்துக்குச் சொல் இல்லாத மொழி இருக்காது. இலையில் காட்டும் பாரபட்சத்துக்கென்றே ஒரு சொல்லை ஒதுக்கி வைத்த மக்கள், சாப்பிடும்போதும் கண்ணைத் தட்டின் மேல் மட்டும் வைத்திருக்கவில்லை என்று தெரிகிறது.

சொல்வழியாகத் தொடங்குவதே ஆய்வு மரபு. பந்தி வஞ்சனைக்கு நெருங்கிய உறவு ஓரவஞ்சனை. பந்தியின் ஓரத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார நேர்ந்த யாரோ ஒருவர், வடை தம்மிடம் வருவதற்குள் தீர்ந்துபோன கோபத்தில் இந்தச் சொல்லைப் படைத்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றும். கேட்க நன்றாக இருந்தாலும் இந்த முடிவைக் கைவிடத்தான் வேண்டும். ‘ஓரம்’ என்ற சொல்லுக்கே ஒரு பக்கம் சாய்தல் என்ற பொருள் உண்டு. ஆத்திசூடியின் 109 அடிகளில் கடைசி அடி, வழக்கில் ஒருபக்கமாகப் பேசுவதை அந்தச் சொல்லால்தான் தடுக்கிறது. அந்த அறிவுரையையே ஔவையார் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தது தற்செயல் என்று கொள்வதே மரியாதை.

‘பட்சபாதம்’ வடமொழி வரவு. பட்சம் என்றால் பக்கம், சிறகு. பாதம் இங்கே கால் அல்ல, விழுதல். ஒரு பக்கமாக விழுவது என்று ஆகிறது. அரசியல் மேடைக்கென்று ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ தனியாக இருக்கிறது. நிதி ஒதுக்கீட்டைப் பற்றி மாநிலம் பேசும்போது மட்டும் அது வெளியே எடுக்கப்படும். ‘கண்ணோட்டம்’ என்ற சொல்லின் வாழ்க்கை இவற்றைவிடச் சுவையானது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்கு அதுதான் பெயர். அங்கே அது இரக்கம், தாட்சண்யம், அதாவது நற்குணம். மூன்று அதிகாரம் முன்னால், செங்கோன்மையின் முதல் குறளில், முறை செய்பவன் யாரிடத்தும் கண்ணோடக் கூடாது என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். ஆக, பழகியவர் முகத்தைப் பார்த்து மனம் இளகுவது மனிதனுக்கு அழகு, தீர்ப்புச் சொல்பவனுக்குக் குற்றம். கரண்டி பிடித்தவர் இந்த இரண்டில் எந்த வகையில் சேர்வார் என்பதை உரையாசிரியர்கள் விவாதிக்காமல் விட்டது பெருங்குறை. இன்றோ அதே சொல் ‘பார்வை’ என்ற பொருளில், குணமும் குற்றமும் தெளிந்து, கருத்தரங்கத் தலைப்புகளில் நிம்மதியாகக் காலம் கழிக்கிறது.

ஆங்கிலத்தார் இதற்கு வைத்திருக்கும் ‘பயாஸ்’ 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அதற்கு முதல் பொருள் சாய்கோடு, குறுக்கு வாட்டம். நெசவின் ஊடுக்கும் பாவுக்கும் குறுக்காகத் துணியை வெட்டுவதற்கு இன்றும் அதே பெயர்தான். தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் ‘கிராஸ் கட்டிங் ஜாக்கெட்’ என்று கேட்டு வாங்கும் பெண்கள், அந்தச் சொல்லின் மூத்த பொருளைத் தைத்துக்கொண்டு போகிறார்கள். துணி குறுக்கு வாட்டத்தில் கொஞ்சம் இழுபடும், அதனால் உடம்போடு படியும். சாய்வினால் எல்லாருக்கும் நன்மை விளைந்த இடம் உலகத்தில் அநேகமாக இது ஒன்றுதான்.

மனச்சாய்வு என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு ஒரு விளையாட்டின் வழியாக வந்தது. புல்தரையில் பந்தை உருட்டி, தூரத்தில் இருக்கும் ஒரு சிறு வெள்ளைப் பந்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம் அது. அந்தப் பந்து முழு உருண்டை அல்ல. முன்பு ஒரு பக்கத்தில் ஈயம் வைத்துக் கனமாக்கினார்கள். இப்போது வடிவத்திலேயே ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. எவ்வளவு நேராக உருட்டினாலும் வேகம் குறையக் குறைய அது ஒரு பக்கம் வளையும். அந்த வளைவுக்கும் அதைத் தரும் கனத்துக்கும் பெயர் பயாஸ். 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பெயர் மனிதர்களின் மேல் ஏறிவிட்டது. ஷேக்ஸ்பியர் தம் ‘கிங் ஜான்’ நாடகத்தில் சுயலாபத்தையே உலகம் என்ற பந்துக்குள் வைத்த ஈயமாக ஒரு பாத்திரத்தைப் பேச வைக்கிறார். 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி ஆகிய நால்வர் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று இந்தியாவுக்கு முதல் முறையாகத் தங்கம் வாங்கிக் கொடுத்தது இந்த ஆட்டத்தில்தான். சாய்வை மறுக்காமல், அது எவ்வளவு என்று கணக்குப் போட்டு விளையாடத் தெரிந்தவர்களுக்குத்தான் அங்கே பதக்கம்.

பந்தி ஆய்வுக்கு இந்த விளையாட்டிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டால் போதும். உருட்டுகிறவர் கை நேராகத்தான் இருக்கும். பரிமாறுகிறவரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.

புள்ளியியலார் இதற்கு இன்னும் கறாரான விளக்கம் வைத்திருக்கிறார்கள். தவறு அங்குமிங்கும் சிதறி விழுந்தால் அது தற்செயல் பிழை. ஒரே பக்கமாகவே விழுந்தால் அதுதான் சாய்வு. பத்து இலையில் ஏதோ ஒன்றுக்கு உருளைக்கிழங்கு விட்டுப்போனால் மறதி என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு கல்யாணத்திலும் அதே ஒன்றுவிட்ட சித்தப்பா இலைக்குத்தான் விட்டுப்போகிறது என்றால் அதற்கு மறதி என்று பெயர் கிடையாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பந்திக்குள் நுழைய வேண்டும்.

பந்தியில் முதலில் ஆராய வேண்டியது உட்காரும் இடம். வாளி ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகிறது. முதல் இலைக்கு வரும்போது அது நிறைவாளி. கடைசி இலைக்கு வரும்போது சாய்த்துப் பிடித்த வாளி. இதனால் முன்னால் உட்கார்ந்தவருக்கே எப்போதும் லாபம் என்ற பரவலான நம்பிக்கை சரியல்ல. பண்டத்துக்குப் பண்டம் கணக்கு மாறும். பாயசத்தில் முந்திரியும் திராட்சையும் நெய்யில் வறுத்துக் கடைசியாகக் கொட்டப்படுபவை. மேலே நெய்யோடு மிதக்கும். ஆகவே பாயசத்தில் முதல் இலைக்காரர் யோகக்காரர். சாம்பாரில் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் அடியில் போய் உட்காரும். நிறைவாளியில் மேலாக மொண்டு ஊற்றினால் முதல் இலைக்குப் புளித்தண்ணீரும், வாளி காலியாகும் இடத்தில் இருப்பவருக்குக் காயும் பருப்பும் போகும். ரசத்தில் தெளிவு பிடித்தவர் முன்னாலும் மண்டி பிடித்தவர் பின்னாலும் உட்கார வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முடிவு. இந்த மூன்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அடைவதற்கு வழி கிடையாது.

வடை, அப்பளம், ஜாங்கிரி போன்றவை வேறு இனம். இவற்றை எண்ணலாம், ஆனால் ஊற்ற முடியாது. ஊற்றுகிற பண்டத்தில் நடக்கும் வஞ்சனை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எண்ணுகிற பண்டத்தில் அதற்கு வழியில்லை. பக்கத்து இலையில் இரண்டு வடை, இந்த இலையில் ஒன்று என்றால் அதற்கு எந்தத் தராசும் தேவையில்லை. அதனால் எண்ணிக்கையில் சமம் காட்டிவிட்டுத் தரத்தில் கை வைப்பது மரபாகியிருக்கிறது. அப்பளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் பூப்போல விரிந்த முழு அப்பளம் யாருக்கு, கூடையின் அடியில் நொறுங்கிக் கிடந்த முக்கால் அப்பளம் யாருக்கு என்பதில் பரிமாறுபவரின் உறவுமுறை அறிவு முழுவதும் வெளிப்பட்டுவிடும். எண்ணும் பண்டங்களுக்கே உரிய இன்னொரு தொடர் ‘இதோ வருது’. அது ஒரு கால அளவை. அடுத்த சுற்று என்றும் பொருள்படும், அடுத்த பந்தி என்றும் பொருள்படும், அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணம் என்றும் பொருள்படும்.

இரண்டாவதாகக் கரண்டியின் ஆழம். வாளியிலிருந்து மொள்ளுவதில் மூன்று முறைகள் காணப்படுகின்றன. மேலாக மொள்ளுதல், கலக்கி மொள்ளுதல், அடிவரை விட்டு மொள்ளுதல். கலக்கி மொள்ளுவது நடுநிலை. மற்ற இரண்டும் எந்தப் பண்டம், யார் இலை என்பதைப் பொறுத்து அன்பாகவோ வஞ்சமாகவோ ஆகும். சாம்பாரில் அடிவரை விட்ட கரண்டி அன்பு. பாயசத்தில் அதுவே வஞ்சம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கை அசைவாகத் தெரிவதால், பண்டத்தின் இயற்பியல் தெரியாமல் பரிமாறுபவர் மேல் குற்றம் சுமத்துவதோ நன்றி பாராட்டுவதோ ஆபத்து.

மூன்றாவது காரணம் உறவு. பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் முதல் பந்தியில் இருந்தாலென்ன, கடைசிப் பந்தியில் இருந்தாலென்ன என்பது பழமொழி. மேலே சொன்ன இடக் கணக்கு முழுவதையும் ஒரே வாக்கியத்தில் தள்ளுபடி செய்துவிடுகிறது இது. பந்திக்கு முந்தச் சொல்லும் இன்னொரு பழமொழியோடு இது நேராக மோதுவதையும் குறிப்பிட வேண்டும். இரண்டையும் சமாதானப்படுத்தலாம்: நம்மவன் பரிமாறுகிறான் என்றால் நிதானமாகப் போகலாம், இல்லாதவர் முந்திக்கொள்ள வேண்டும்.

உறவின் வேலை ‘கவனிப்பு’ என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. கல்யாணக் கூடத்தில் பெண்ணின் தாய்மாமன் தூணோரம் நின்றுகொண்டு, “தம்பி, சம்பந்தி இலையைக் கொஞ்சம் கவனி” என்று தணிந்த குரலில் சொல்கிறார். அதுவரை சீராக நகர்ந்துவந்த நெய்க்கரண்டி அந்த இலையில் ஒரு கணம் நின்று, இரண்டாவது முறை கவிழ்கிறது. பக்கத்து இலைக்காரர் கையில் பருப்புச் சோறு அப்படியே நிற்கிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. ஊருக்குப் போய்ச் சொல்வார். அந்தக் கல்யாணத்தின் நகை, நாதஸ்வரம், வீடியோ எல்லாம் மறந்து பத்து வருஷம் கழித்தும் அந்த இரண்டாவது கரண்டி நினைவிருக்கும். அரசு அலுவலகங்களில் ‘கவனித்தல்’ வேறு ஒரு தொழிலுக்குப் பெயராகிவிட்டது. நெய்க்கரண்டி அங்கே உறை வடிவம் எடுத்திருக்கிறது. மற்றபடி இயங்கும் முறை ஒன்றுதான்.

இவற்றையெல்லாம்விட நுட்பமான அடையாளம் ‘போதும்’ என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. விருந்தினர் இலைக்கு மேல் கையை விரித்துப் “போதும், போதும்” என்பது பந்தி இலக்கணத்தின் பகுதி. வேண்டப்பட்டவர் சொன்னால் அது மறுப்பாகக் கொள்ளப்படாது. “அட, ஒண்ணே ஒண்ணு வெச்சுக்குங்க” என்று விரல் இடுக்கின் வழியாக ஜாங்கிரி இறங்கிவிடும். வேண்டாதவர் அதே சொல்லை, அதே சைகையோடு, அதே மரியாதைக்காகச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்ளப்படும். பரிமாறுபவர் அவருடைய விருப்பத்துக்குக் காட்டும் மதிப்பு அந்த நேரத்தில் அபாரமாக இருக்கும். வாயால் வேண்டாம் என்றவரே பிறகு வரவில்லை என்று புகார் சொல்ல முடியாது. சட்டப்படி இதைவிடப் பாதுகாப்பான வஞ்சனை கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே பந்திக்குள் நடப்பவை. பந்தியையே பிரித்துவிட்டால் கரண்டிக்கு வேலையே இல்லை. திருநெல்வேலிப் பக்கம் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய குருகுலம், காங்கிரஸ் நிதியும் பொதுமக்கள் நன்கொடையும் பெற்று நடந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்ட செய்தி வெளியே வந்தபோது பெரியாரும் பி. வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். 1924-25இல் தமிழ்நாட்டுக் காங்கிரசை உலுக்கிய இந்த விவகாரம் காந்தி வரைக்கும் போனது. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை முன்வைத்துக் காங்கிரசின் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியபோது, குருகுலத்துப் பந்தியின் கசப்பு ஆறியிருக்கவில்லை. தமிழ்நாட்டின் ஒரு நூற்றாண்டு அரசியலில் சாப்பாட்டு வரிசைக்கு இருக்கும் பங்கைப் பாடப்புத்தகங்கள் ஒரு பத்தியில் முடித்துவிடுவது நியாயமில்லை. 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமசாலை, பள்ளிகளில் 1956இல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு ஆகியவற்றை வயிற்றுக்கான ஏற்பாடாக மட்டும் எண்ணுவது பாதி உண்மை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்ததும் அவற்றின் வேலைதான். சுதந்திர தினத்தன்று கோயில்களில் நடக்கும் பொது விருந்தும் அந்த வரிசையில் சேரும்.

தீர்வுகள் பற்றிப் பேசினால், பழையது பந்தி விசாரணை. வீட்டுப் பெரியவர் ஒருவர் வரிசையின் முன்னால் நடந்து, இலைகளைப் பார்த்து, “இங்கே ரசம் வரலையா? அங்கே மோர் கேளு” என்று குரல் கொடுத்துக்கொண்டே போவது. நல்ல ஏற்பாடு, விசாரிப்பவரும் உறவினராக இருக்கிறார் என்பது மட்டுமே அதன் குறை. சம்பந்தி இலைக்கு முன்னால் அவர் நடை தானாகத் தளர்ந்துவிடும்.

சாய்வைக் களைய ஆளை நம்பாமல் முறையை நம்பியவர்களும் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச் சபைக்கு ஆள் தேரும் விதத்தைச் சொல்கின்றன. குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர் பட்டியலும் விலக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டு கழித்து, 1935இல் வெளிவந்த ரொனால்ட் ஃபிஷரின் நூலில், பால் முதலில் ஊற்றிய தேநீரையும் பின்னால் ஊற்றிய தேநீரையும் சுவைத்தே பிரித்துச் சொல்ல முடியும் என்ற பெண்ணுக்கு எட்டுக் கோப்பைகளைத் தற்செயல் வரிசையில் கொடுத்துச் சோதிக்கும் முறை விளக்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் தத்துவம் ஒன்றுதான்: வரிசையை ஆள் முடிவு செய்யக் கூடாது. சொத்தைப் பிரிக்கும்போது மூத்தவர் கூறு போட இளையவர் முதலில் எடுத்துக்கொள்ளும் குடும்ப வழக்கமும் இந்த வகைதான். ஆனால் இவற்றில் எதையும் பந்தியில் நடைமுறைப்படுத்த முடியாது. குடவோலை குலுக்கி யாருக்கு எந்த வடை என்று முடிவு செய்வதற்குள் சோறு ஆறிவிடும்.

காண்ட்ராக்ட் சமையல்காரர்கள் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியது. சீருடை போட்ட பையனுக்கு யார் சம்பந்தி, யார் ஒன்றுவிட்ட சித்தப்பா என்று தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆர்வமும் கிடையாது. அடுத்த பந்திக்கு இலை போட வேண்டிய அவசரத்தில் எல்லாரையும் சமமாகப் புறக்கணிக்கிறான். பாரபட்சமின்மைக்கு இவ்வளவு அருகில் தமிழ்ப் பந்தி இதற்கு முன் வந்ததில்லை. விருந்தினர்கள் மட்டும் இதில் திருப்தி அடையவில்லை. “சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கவனிக்க ஆளில்லை” என்று குறைப்படுகிறார்கள். வஞ்சனையை வெறுத்ததாகச் சொன்னவர்கள் அது தமக்கு எதிராக இருந்ததைத்தான் வெறுத்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேட வேண்டியதில்லை.

பஃபே முறை பரிமாறுபவரையே நீக்கிவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று அவரவரே எடுத்துக்கொள்ளலாம். இப்போது பாயசப் பாத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து முந்திரியை மட்டும் வழித்தெடுப்பவர், தமக்குத் தாமே நெருங்கிய உறவினர். பின்னால் நிற்பவருக்குக் கோபித்துக்கொள்ளச் சம்பந்தி வீட்டார் கூடக் கிடைப்பதில்லை.

இங்கே சொன்னவற்றைச் சரிபார்க்க விரும்பும் வாசகர்கள் வரும் தை மாத முகூர்த்தங்களில் ஒன்றுக்குப் போய், சம்பந்தி வீட்டாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பார் வரும்போது வாளியைப் பார்க்காமல் கரண்டியைப் பார்க்கவும். கேட்டுச் சாப்பிடத் தயங்க வேண்டாம்; மரியாதைக்காக மட்டும் ‘போதும்’ என்று சொல்லிவிடாதீர்கள்.